மஞ்சள் விளக்கைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில் சிவப்பைப் பாருங்கள்

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. 2014ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் காரை நானேதான் ஓட்டுகிறேன். 94 ஆயிரம் கிலோமீட்டர் ஆகிறது. இரண்டு மாதமாக இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. உள்ளூர் மெக்கானிக் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினார், அணைந்தது. மூன்றாம் நாள் மறுபடி வந்துவிட்டது. போன மாதம் வால்பாறைக்கு ஏறும்போது அதே விளக்கு விட்டு விட்டு எரிந்தது, வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. கீழே இறங்கியதும் சரியாகிவிட்டது. ஒரு பட்டறையில் ஸ்கேனர் மாட்டி பி 0302, பி 0420 என்று இரண்டு குறியீடுகளை எழுதிக் கொடுத்து, கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும், முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். என் தம்பி மகன், "பல்பைக் கழற்றிவிடலாம் அத்தை" என்கிறான். எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். யார் சொல்வதைக் கேட்பது? இன்னொன்று, சொல்ல மறந்துவிட்டேன்: திருப்பூர் சிக்னலில் வெகுநேரம் நின்றால் எண்ணெய்க் கெண்டி போன்ற சிவப்பு விளக்கு லேசாகத் துடித்து அணைகிறது. வண்டியை நிறுத்தி இறங்கும்போது எண்ணெய் கருகிய வாடையும் அடிக்கிறது.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

மறந்துபோய்க் கடைசியில் எழுதினீர்களே, அந்த வரிகளைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மஞ்சள் விளக்கு இரண்டு மாதமாக எரிகிறது. இன்னும் இரண்டு நாள் எரிந்தால் குடி முழுகிவிடாது. சிக்னலில் துடிக்கிற சிவப்பு விளக்கு அப்படிப்பட்டதல்ல. ஆயிலைப் பார்க்கும் வரை வண்டியைத் தோட்டத்தை விட்டு வெளியே எடுக்காதீர்கள். திருப்பூர் போக வேண்டியிருந்தால் பஸ்ஸில் போய் வாருங்கள்.

அந்தக் கெண்டி விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது அழுத்தத்தை. இன்ஜினின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. ஆயில் அழுத்தம் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே விழுந்தால்தான் அது விளக்கை எரிய வைக்கும். அதாவது விளக்கு எரியும் நேரத்தில் அழுத்தம் ஏற்கெனவே அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. சூடேறிய ஆயில் நீர்த்துப் போகும். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, பம்ப் மெதுவாகச் சுற்றும். இரண்டும் சேருகிற இடம்தான் உங்கள் திருப்பூர் சிக்னல். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அணைந்துவிடுவதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே தலைமுடியை விட மெல்லிய ஆயில் படலம்தான் இருக்கிறது. அது அறுந்தால் இரும்பு இரும்பைத் தின்னும்.

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு வண்டியைக் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். சிவப்பு விளக்கு நிலையாக எரிந்ததைப் பார்த்தும், வீடு எட்டுக் கிலோமீட்டர்தானே என்று ஓட்டியிருக்கிறார் அந்தத் தம்பி. இன்ஜினைப் பிரித்தபோது பேரிங் ஓடுகள் கிராங்கோடு ஒட்டிக்கொண்டு சுற்றியிருந்தன. கிராங்க் சூட்டில் நீலம் பாரித்துக் கிடந்தது. ஆயில் தட்டில் சுரண்டிய தகரம் போல மினுமினுவென்று உலோகப் பொடி. இரண்டு லிட்டர் ஆயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அது. உங்கள் வண்டிக்கு அந்த நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆயிலைப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஆனாலும் பலர் தவறாகப் பார்ப்பதால் சொல்லிவிடுகிறேன். சோளம் காயப்போடும் சிமெண்ட் களம் இருந்தால் வண்டியை அங்கே நிறுத்துங்கள், தரை சமமாக இருக்க வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்பே பார்ப்பது நல்லது. ஓட்டிய பிறகு என்றால் இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அளவுக் குச்சியை உருவி, பழைய வேட்டித் துணியில் துடைத்து, அடிவரை உள்ளே விட்டு, மறுபடி உருவுங்கள். முதலில் உருவியதில் தெரிவது கணக்கில் சேராது. ஆயில் மட்டம் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் கீழ்க்குறியிலிருந்து மேல்குறி வரை ஏறக்குறைய ஒரு லிட்டர் பிடிக்கும். கீழ்க்குறிக்கும் கீழே இருந்தாலோ குச்சியின் நுனி மட்டும் நனைந்திருந்தாலோ, வண்டியோடு வந்த புத்தகத்தில் எழுதியுள்ள அதே தர ஆயிலைக் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குச்சியைப் பாருங்கள். மேல்குறியைத் தாண்ட விடாதீர்கள். குச்சியில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது.

அளவு சரியாக இருந்தும் விளக்கு துடித்தால், "கெட்டியான ஆயில் ஊற்றினால் நின்றுவிடும்" என்று யாராவது சொல்வார்கள். விளக்கு நிற்கலாம், தேய்மானம் நிற்காது. அந்தச் சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஒரு பாரோ அதற்கு மேலோ காட்டினால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம், அதை மாற்றுவது பெரிய செலவல்ல. அதை விடக் குறைவாகக் காட்டினால் பம்ப்பையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும்.

இனி மஞ்சள் விளக்கு.

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்துக்கு அருகில், பதினாறு ஊசிகள் கொண்ட சாக்கெட் ஒன்று இருக்கும். ஸ்கேனரை அங்கேதான் மாட்டுகிறார்கள். பாரத் நிலை 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட கார்களுக்கு ஓபிடி 2 என்ற இந்தத் தற்சோதனை முறை 2013 ஏப்ரலில் கட்டாயமானது. ஆனால் ஸ்கேனர் காட்டும் குறியீடு கெட்டுப்போன பாகத்தின் பெயர் அல்ல. மதிப்பெண் பட்டியலில் ஒரு பையன் கணக்கில் தோற்றிருந்தால், அவனுக்குக் கரும்பலகை தெரியவில்லையா, காலையில் சாப்பிடாமல் வந்தானா என்று நீங்கள் பக்கத்தில் அழைத்து விசாரித்திருப்பீர்கள். பட்டியல் மட்டும் அதைச் சொல்லாது. குறியீடும் அப்படித்தான். எங்கே கோளாறு தெரிகிறது என்று சொல்லும். எதனால் என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

பி 0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி 0420 என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் புகையைப் போதுமான அளவு சுத்தம் செய்யவில்லை. உங்களிடம் விலை சொன்ன பட்டறைக்காரர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். நான் முதலாவதைப் பிடிக்கிறேன். ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே எக்சாஸ்ட் குழாய் வழியாகப் போய்க் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு கெட்டுவிடும், இன்னும் சூடேறினால் தேன்கூடே உருகி அடைத்துக்கொள்ளும். மிஸ் அடிப்பதைச் சரிசெய்யாமல் புதிய கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் இதே கதிக்கு ஆளாகும். முப்பதாயிரம் ரூபாயை நெருப்பில் போடுவதற்குச் சமம்.

மலையில் மட்டும் விளக்கு விட்டு விட்டு எரிந்ததற்கும் காரணம் இருக்கிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கில் தீப்பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். தாராபுரம் சாலையில் சமாளித்துக்கொண்டு ஓடுகிற பலவீனமான காயில் (பிளக்குக்கு அந்த வோல்டேஜைக் கொடுக்கும் பாகம்) அந்த வளைவுகளில் தோற்றுப்போகிறது. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் "விரைவில் காட்டுங்கள்" என்று பொருள். விட்டு விட்டு எரிந்தால், "இந்த நிமிடமே கன்வெர்ட்டர் பாழாகிக்கொண்டிருக்கிறது" என்று பொருள். அடுத்த முறை அப்படி எரிந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரமான இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். காய்ந்த புல், தென்னை மட்டை, கடலைக்கொடி, சோளத்தட்டு இவற்றின் மேல் நிறுத்தவே கூடாது. வண்டிக்கு அடியில் அடுப்புக் கங்கு போல ஒன்று தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துச் சாளையிலும் இதே எச்சரிக்கை வேண்டும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய சோதனை மிக எளியது. உங்கள் வண்டியில் சிலிண்டருக்கு ஒரு காயில் இருந்தால், இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடச் சொல்லுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். குறியீட்டை அழித்துவிட்டு, மேடு ஏறும்படி ஒரு சுற்று ஓட்டட்டும். ஊதியூர் மலைப் பக்கம் போய் வந்தாலே போதும். திரும்பி வந்ததும் குறியீடு பி 0303 என்று மாறியிருந்தால் காயில்தான் குற்றவாளி. கோளாறு அதோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது. 0302ஆகவே நின்றால் அடுத்து பிளக்கை இடம் மாற்ற வேண்டும், அதற்கும் நகராவிட்டால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், கடைசியில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் பிடிக்கிறதா என்பது. ஒரு ரூபாய்க்குப் பாகம் வாங்காமலேயே பாதி வழி வந்துவிடலாம். இதைச் செய்ய மறுத்து, "நாலு காயிலையும் மாற்றிப் பார்ப்போம்" என்பவரிடமிருந்து வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.

காயிலைக் கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குழி காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். அங்கே ஆயில் தேங்கியிருந்தால், காயிலின் ரப்பர் உறை பிசுபிசுவென்று ஊறி உப்பியிருந்தால், உங்கள் கடிதத்தில் உள்ள எல்லாப் புகாரும் ஒரே இடத்துக்கு வந்து சேரக்கூடும். இன்ஜினின் தலைமேல் உள்ள மூடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் பிளக் குழிகளைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களும் பத்து ஆண்டுகளில் காய்ந்து விறைத்துவிடும். உள்பக்கம் கசிந்தால் ஆயில் பிளக் குழியில் இறங்கும், தீப்பொறி வழி தவறும், சிலிண்டர் மிஸ் அடிக்கும். வெளிப்பக்கம் கசிந்தால் சூடான எக்சாஸ்ட் குழாயில் சொட்டிக் கருகும். நீங்கள் சொல்கிற வாடை அதுவாக இருக்கலாம். நாள்பட்ட கசிவில் ஆயில் அளவும் குறையும், சிக்னலில் சிவப்பு விளக்கும் துடிக்கும். பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வயதுள்ள வண்டி, இந்த வாடை, இந்தக் குறியீடு என்று வரும்போது நான் முதலில் கை வைக்கும் இடம் அந்த மூடிதான்.

பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைத்தது பற்றி எனக்கு வருத்தம். விளக்கை ஏற்றும் அந்த நொடியில் இன்ஜின் எத்தனை சுற்று ஓடியது, எவ்வளவு சூடு, எவ்வளவு பாரம் என்று கம்ப்யூட்டர் ஒரு படம் எடுத்தது போலப் பதிந்துவைக்கிறது. மருத்துவருக்கு எக்ஸ்ரே எப்படியோ மெக்கானிக்குக் குறியீட்டோடு சேர்ந்த அந்தப் பதிவு அப்படி. பேட்டரியைக் கழற்றினால் அது அழிந்துவிடும். பல கோளாறுகள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தெரிந்தால்தான் விளக்கு எரியும். மூன்றாம் நாள் திரும்பி வந்தது அதனால்தான். கோளாறு உண்மையிலேயே நீங்கினால், கோளாறில்லாத மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு விளக்கு பொதுவாகத் தானே அணையும்.

நீங்கள் தோட்டத்தில் இருப்பதால் எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காங்கேயத்துக்கு அருகே ஒரு தோட்டத்திலிருந்து வந்த வண்டியில் மஞ்சள் விளக்கு ஒன்றரை ஆண்டாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. வேறொரு பட்டறையில் மூன்று சென்சார்களை மாற்றியிருந்தார்கள். மூன்றும் நல்ல சென்சார்கள். கழற்றிப்போட்ட பழையவையும் நல்லவையே. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது மூடியின் மடிப்பில் கடலை ஓடு, தென்னை மஞ்சி, கோழி இறகு. இன்ஜினை ஐடிலில் விட்டு, வயரிங் கட்டை ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே போனேன். இன்ஜினுக்குப் பின்னால், கை நுழையச் சிரமமான இடத்தில் அசைத்தபோது இன்ஜின் ஒரு துடி துடித்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் வயரின் மேலுறை அரை விரல் நீளத்துக்குக் கொறிக்கப்பட்டு, செம்பு பளபளவென்று தெரிந்தது. வண்டி திரும்பும்போது மட்டும் அது இரும்பில் பட்டிருக்கிறது. அரை அடி வயரும் ஒரு மணி நேர வேலையும்தான் தேவைப்பட்டன. அந்தக் குடும்பம் அதற்குள் செலவழித்திருந்த பணத்தை நினைத்தால் இன்றும் மனது ஆறுவதில்லை. உங்கள் வண்டியிலும் காயிலுக்குப் போகும் வயரையும் கனெக்டரையும் அப்படி அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தீவன மூட்டையை வண்டிக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள்.

தம்பி மகன் பல்பைக் கழற்றச் சொன்னது உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் இருக்கும். ஆனால் கூடாது. நிலையாக எரிந்த விளக்கு மலையில் விட்டு விட்டு எரிந்ததால்தான் உங்களுக்கு இந்தக் கடிதம் எழுதத் தோன்றியது. வண்டிகளுக்கு மீட்டர் பலகை செய்யும் பிரிக்கால் நம் கோவையில்தான் இருக்கிறது. நம் ஊர்க் கைகள் செய்த பலகையில் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பழைய வண்டி வாங்கும் யாருக்கும் இதைச் சொல்லுங்கள்: சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் பலகையைப் பாருங்கள். இன்ஜின், ஆயில், பேட்டரி விளக்குகள் மூன்றும் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் மூன்றும் அணைய வேண்டும். எரியாத விளக்கு இருந்தால், எதையோ மறைக்க அதன் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

எத்தனாலைப் பற்றி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் பாதிக்கப்படக்கூடும், பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று பொருள்படும் பி 0171 குறியீடும் வரலாம். ஆனால் நான்கு சிலிண்டருக்கும் ஒரே பெட்ரோல்தான் போகிறது. இரண்டாவது மட்டும் மிஸ் அடிப்பதற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் வைப்பதாக இருந்தால் மட்டும் பழைய பெட்ரோல் டேங்கில் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கன்வெர்ட்டரைக் கடைசியில் பாருங்கள். மிஸ் அடிப்பது நின்ற பிறகு இரண்டு வாரம் ஓட்டுங்கள். பி 0420 திரும்ப வராவிட்டால் அந்த முப்பதாயிரம் உங்கள் பணம். வந்தால், முதலில் சைலன்சர் இணைப்புகளில் புகைக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்கேனரில் கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சார்களையும் ஒன்றாகக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்களில் முன் சென்சார் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருக்கும். பின் சென்சார் ஏறக்குறைய அசையாமல் நிற்க வேண்டும். பின்னதும் முன்னதைப் போலவே ஆடினால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். அதற்கு முன்பு யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிளக்குகளை மாற்றும்படி ஆனால், கழற்றிய நான்கையும் எறிந்துவிட வேண்டாம். எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று காகிதத்தில் எழுதி, தனித்தனியாகச் சுற்றி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சிலால் இழுத்தது போல மேலிருந்து கீழாக ஒரு கரிக்கோடு தெரிந்தால், தீப்பொறி அந்த வழியாகத்தான் தப்பி ஓடியிருக்கிறது. அந்தக் கோட்டின் மறுபாதி காயிலின் ரப்பர் உறைக்குள் இருக்கும். பிளக்கை மட்டும் மாற்றி அதே உறையைப் போட்டால் புதிய பிளக்கிலும் கோடு விழுந்துவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.